சலரோகக் கிளினிக்கில் மறதியையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் அண்மையில், அல்சைமர் என்கிற மறதி நோயை 'மூன்றாம் வகை நீரிழிவு' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு ஒரு கட்டுரை வந்தது. பாதி சரியான விஷயம், கால்வாசி அவசரம், மிச்சம் தேங்காய் எண்ணெய் குடித்தால் ஞாபகம் திரும்பும் என்ற கதை. வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒருவருக்கு, தனக்குச் சீனி வருத்தம் இருப்பதால் கட்டாயம் அறளை பெயரும், அதாவது மறதி நோய் வரும் என்று பயம். இன்னொருவர் அதைவிட மோசம், கிளினிக் குளிசையை நிற்பாட்டிவிட்டுக் காலையில் வெறுவயிற்றில் எண்ணெய் குடிக்கலாமோ என்று கேட்கிறார். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டொக்டர் இல்லை. வன்னியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்றே தலை நரைத்து, ஓய்வுபெற்று, இப்போது விசுவமடுவில் இருக்கிற ஒரு மருந்தாளர். இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வந்ததும் அந்த யன்னலடியில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கட்டுரையில் சரியாக இருந்ததைச் சொல்லிவிட வேண்டும். அல்சைமர் என்றால் மூளையில் அமிலோயிட் என்ற புரதம் படிவதும் டோ என்ற இன்னொரு புரதம் நரம்புக்கலங்களுக்குள் முறுக்கிக்கொள்வதும் என்றுதான் நெடுங்காலமாகப் படித்தோம். 1906இல் ஜெர்மனியில் அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர், இறந்துபோன தன் நோயாளி ஒருவரின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொன்னது அது. அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வரும்போது வயது 51தான், ஆகவே இது கிழடு தட்டினால் எல்லாருக்கும் வருகிற சங்கதி என்று அப்போதே சொல்ல முடியாமல் போனது. புரதம் படிகிறது என்பது இன்றைக்கும் பொய்யாகவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் நடக்கிறது. மூளை எங்கள் உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதம்தான், ஆனால் உடம்பு எரிக்கிற சக்தியில் கிட்டத்தட்ட 20 வீதத்தை அது ஒன்றே தின்றுவிடும், அதுவும் பெரும்பாலும் குளுக்கோசாக. அல்சைமர் உள்ளவர்களின் மூளையைப் பெற் ஸ்கான் என்ற படத்தில் பார்த்தால் சில பகுதிகள் அந்தக் குளுக்கோசைச் சரியாக எடுக்காமல் மங்கிப்போய்த் தெரியும். மறதி வெளியில் தெரிவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. அபோ ஈ4 என்ற ஜீன் வகை இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்புக் கூட என்று 1993இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஜீன் உள்ள, இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிற, எந்தக் குறையும் இல்லாத இளம் ஆட்களின் மூளையிலேயே அந்த மங்கல் லேசாகத் தெரிந்ததாக 2004இல் ஒரு ஆய்வு வந்தது. எழுபது வயதில் வெளியே தெரிகிற வருத்தத்தின் கோடு இருபது வயதுப் படத்தில் இருக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

இனி இன்சுலின். சலரோகம் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்க நான் எப்போதும் சொல்வது இரணைமடுவைத்தான். குளம் முட்டத் தண்ணீர் நிற்கும், ஆனால் துருசு திறபடாவிட்டால் கடைசி வாய்க்காலில் இருக்கிறவனின் வயல் காய்ந்து வெடிக்கும். இரத்தத்தில் சீனி நிறைய இருக்கும், இன்சுலின் சொல்வதைத் தசையும் ஈரலும் கேட்காததால் அது உள்ளே போகாது. ஆனால் மூளைக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தாது, உங்கள் கட்டுரையாளர் சறுக்கியது இங்கேதான். நரம்புக்கலங்களுக்குள் குளுக்கோஸ் போக இன்சுலின் பெரும்பாலும் கட்டாயமில்லை, அதற்குத் தனி வழி இருக்கிறது. மூளையில் இன்சுலினுக்கு வேறு வேலைகள். நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று தொடுகிற இடங்களைப் பலப்படுத்துவது, ஞாபகம் பதிவதற்கு உதவுவது, கலங்கள் சாகாமல் காப்பது. மூளைக் கலங்கள் இன்சுலினுக்குச் செவிடாகிப் போனால் இந்த வேலைகள் கெடும். அதைவிட, இன்சுலினை உடைத்து அகற்றுகிற ஒரு நொதியம் அமிலோயிட்டையும் உடைக்கிறது. உடம்பில் இன்சுலின் எப்போதும் அதிகமாகவே ஓடிக்கொண்டிருந்தால் அந்த நொதியம் அதிலேயே மினக்கெட்டு, அமிலோயிட் குப்பை தங்கிவிடுமோ என்று ஒரு சந்தேகம். 2005இல் அமெரிக்காவில் பிரவுண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் டி லா மொன்டேயின் குழு, அல்சைமரில் இறந்தவர்களின் மூளையில் இன்சுலின் சம்பந்தப்பட்ட ஏற்பாடு முழுவதுமே குன்றிப்போயிருப்பதைப் பார்த்துத்தான் அந்த 'மூன்றாம் வகை' என்ற பெயரை வைத்தது. அது ஒரு ஆய்வாளர் குழு வைத்த பெயர். எந்தக் கிளினிக்கிலும் அப்படி ஒரு நோயை எழுதித் தரமாட்டார்கள்.

சரி, சலரோகம் உள்ளவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வருகிறதா? வருகிறது, இதில் மறைக்க ஒன்றுமில்லை. நெதர்லாந்தில் ரொட்டர்டாம் நகரில் 6,000க்கு மேற்பட்ட முதியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில் சலரோகம் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்துக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று 1999இல் எழுதினார்கள். இங்கிலாந்தில் அரசாங்க ஊழியர்களைப் பல பத்து வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் இன்னொன்றைக் காட்டியது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: சலரோகம் எத்தனை வயதில் வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அறுபதுக்கு முன்பே வந்தவர்களுக்கு எழுபதில் ஆபத்து இரண்டு மடங்கு, அறுபத்தைந்து தாண்டி வந்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை. எங்கள் ஆட்களுக்கோ, தெற்காசியர்கள் எல்லாருக்குமே, அது வெள்ளைக்காரர்களைவிட முன்கூட்டியே வருகிறது, மெலிந்த ஆளுக்கும் வருகிறது. நாற்பதில் கிளினிக் கொப்பி எடுத்தவர்களுக்கு எத்தனையோ தரம் மருந்து அளந்து கொடுத்திருக்கிறேன், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியிருக்கும், மற்றும்படி கையும் காலும் ஈர்க்குத்தான்.

இப்போது அவசரப்பட்ட கால்வாசி. இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்த ஆய்வுகள் பலவற்றில், சலரோகம் இருந்தவர்களிடம் அமிலோயிட் படிவு மற்றவர்களைவிடக் கூட இருக்கவில்லை. கூட இருந்தது சின்னச் சின்னக் குருதிக்குழாய் அடைப்புகள். அதாவது பெரிய பாரிசவாதமாக வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த அடைப்புகள். வயதானவர்களில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும், அல்சைமர் பாதி, குருதிக்குழாய் பாதி. எந்தப் பாதி கூட என்று பிரித்துச் சொல்கிற வசதியும் எங்களிடம் இல்லை, பெற் ஸ்கானை வன்னியில் இருந்துகொண்டு நினைத்தும் பார்க்க முடியாது. அப்புறம் கோழியா முட்டையா என்ற கேள்வியும் இருக்கிறது. மூளை குளுக்கோசை எடுக்காததால் கலம் சாகிறதா, கலம் செத்துக்கொண்டிருப்பதால் குளுக்கோசைக் கேட்காமல் விடுகிறதா? இரண்டுக்கும் ஆதாரம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கருத்து முழுதாகச் சரி என்றால் சலரோக மருந்து கொடுத்து அல்சைமரை நிற்பாட்ட முடிய வேண்டும். முயன்று பார்க்காமலும் இல்லை. மூக்கு வழியாக இன்சுலின் விசிறிப் பார்த்தார்கள், அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020இல் வந்தது, பலன் இல்லை. எடை குறைக்கிறது என்று இப்போது உலகமே பேசுகிற செமக்ளூடைட் மருந்தைக் குளிசையாக்கி, ஆரம்ப நிலை அல்சைமர் உள்ள கிட்டத்தட்ட 3,800 பேரை வைத்து இரண்டு ஆய்வுகள் செய்தார்கள், 2025 நவம்பரில் கொம்பனியே அறிவித்தது, நோய் போகிற வேகம் குறையவில்லை என்று. மற்றப் பக்கத்தில், அமிலோயிட்டைக் கழுவி எடுக்கிற லெக்கானெமாப் என்ற மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஒன்றரை வருடத்தில் சரிவின் வேகத்தை 27 வீதம் குறைத்தது, மூளையில் வீக்கமும் கசிவும் வரக்கூடிய ஆபத்தோடு. அது வந்தபோது விலை வருடத்துக்கு 26,500 டொலர். பரந்தனில் ஒரு வயற்காணியை விற்றாலும் எத்தனை மாதத்துக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஆக, இரண்டு பக்கமும் இன்னும் முடிவு தெரியாத வழக்கு. வந்த வருத்தத்தைத் திருப்புகிற மருந்து எந்தப் பக்கத்திலும் இன்று இல்லை.

தேங்காய் எண்ணெய்க்கு வருகிறேன். அந்தக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது, முழுப் பொய் இல்லை. குளுக்கோசை எடுக்கத் தடுமாறுகிற மூளையும் கீற்றோன் என்ற மாற்று எரிபொருளை ஓரளவு நன்றாகவே எடுக்கிறது. சிலவகைக் கொழுப்பிலிருந்து ஈரல் அதைச் செய்யும். ஆனால் தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி லோரிக் அமிலம், அது கீற்றோனாக மாறுவது குறைவு. எண்ணெய் குடித்து ஞாபகம் திரும்பியது என்று நம்பத்தக்க ஆய்வு எதுவும் இல்லை, கெட்ட கொலஸ்ட்ரோல் கூடுகிறது என்பதற்கு இருக்கிறது. புட்டுக்கும் சொதிக்கும் போடுகிற தேங்காயை யாரும் விடச் சொல்லவில்லை, கரண்டியால் மருந்து மாதிரிக் குடிக்க வேண்டாம் என்கிறேன். வல்லாரைச் சம்பலும் அப்படியே, நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள், ஆனால் கிளினிக் திகதியைத் தவறவிட அது காரணமாகக் கூடாது.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம். மாதாந்தக் கிளினிக்கில் மருந்து வாங்க வருகிறவர்கள் பழைய பைக்கற்றுகளையும் ஒரு சொப்பிங் பைக்குள் போட்டுக் கொண்டுவருவார்கள், வயதான ஆட்கள் கட்டாயம் கொண்டுவருவார்கள், எறிய மனம் வராது. ஒழுங்காகக் குளிசை போடுகிறவரின் பையில் எல்லாப் பைக்கற்றும் ஏறக்குறைய ஒன்றாக முடிந்திருக்கும். ஞாபகம் பிசகத் தொடங்கியவரின் பை வேறு மாதிரி இருக்கும். பிரஷர் குளிசை அரைவாசிக்கு மேல் அப்படியே கிடக்கும், சீனிக்குக் கொடுக்கிற மெற்போமின் பைக்கற் இரண்டு கிழமைக்கு முன்பே வெறுமையாகியிருக்கும், காலை என்று எழுதின பைக்கற்றுக்குள் இரவுக் குளிசையும் கலந்து கிடக்கும், ஒன்றிரண்டு நாக்கில் வைத்துத் துப்பியது போலக் கரைந்து ஒட்டியிருக்கும். "என்ன ஆச்சி, இது அப்பிடியே கிடக்கு?" என்று கேட்டால், "நான் எல்லாம் போட்டனான் ராசா" என்பார். பொய் சொல்வதில்லை அவர், போட்டதாகத்தான் அவருக்கு நினைவு. வீட்டில் மருமகளைக் கேட்டால், "மாமி முந்தி மாதிரித்தான், சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவா, அவ்வளவுதான்" என்பார். மகன் வெளிநாட்டில் இருப்பார், தொலைபேசியில் கதைக்கும்போது அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், பழைய கதையெல்லாம் பிசகாமல் சொல்கிறார். பழைய கதை கடைசியாகத்தான் போகும், நேற்றுப் போட்ட குளிசைதான் முதலில் மறக்கும்.

இன்னொரு சிக்கல். எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுகிற ஆட்கள் குளிசையை நிறத்தாலும் அளவாலும்தான் அடையாளம் வைத்திருப்பார்கள். விநியோகம் மாறினால் அதே மருந்து ஒரு மாதம் வெள்ளை வட்டமாக வரும், அடுத்த மாதம் நீளமாக வரும். நல்ல ஞாபகம் உள்ளவரே தடுமாறுவார், ஞாபகம் குறைந்தவருக்கு அது புது மருந்து. பழையதையும் போட்டு இதையும் போடுவார். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது சிலருக்குப் பாதியை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதினோம். பைகளுக்குள் என்ன குழப்பம் நடந்தது என்பது மருந்து கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், ஒரு விடியற்புறம் பேரன் ஒருவர் தன் அப்புவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பு வேர்த்துக் கொட்டி, ஆளை அடையாளம் தெரியாமல், தகாத வார்த்தை பேசிக்கொண்டு இருந்தார். "அப்புவுக்கு முழுக்க அறளை பேர்ந்திட்டுது, இனி ஏலாது" என்று பேரன் அழுகிறார். குத்திப் பார்த்தால் சீனி அடிமட்டம். நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் அப்பு எழும்பி இருந்து, தன்னை ஏன் இங்கே கொண்டுவந்தது என்று பேரனைப் பேசினார். பிறகு விசாரித்தால், இரவு இன்சுலின் போட்டதை மறந்து இரண்டாம் தரமும் ஊசி போட்டிருக்கிறார், சாப்பிட்டாரா என்பதும் சந்தேகம். சரி, பிழைத்துவிட்டார். ஆனால் 2009இல் கலிபோர்னியாவில் 16,000க்கு மேற்பட்ட சலரோக நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து எழுதினார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டிய அளவுக்குச் சீனி இறங்கிப் போனவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் கூடுதலாக வந்தது, எத்தனை தரம் அப்படி இறங்கியதோ அதற்கேற்பக் கூடியது. மறதியால் மருந்து பிசகுகிறது, மருந்து பிசகிச் சீனி இறங்குகிறது, சீனி இறங்கி மூளை அடி வாங்குகிறது, மறதி கூடுகிறது. கூடினால்தான் கேடு என்று சனத்துக்குச் சொல்லிச் சொல்லி, குறைந்தாலும் கேடு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். எண்பது வயது ஆச்சிக்கும் நாற்பது வயது வாத்தியாருக்கும் ஒரே சீனி அளவை இலக்காக வைக்கக் கூடாது என்று உலக வழிகாட்டல்களே சொல்கின்றன. மூன்று மாதச் சராசரி அளவு இளையவருக்கு 7க்குள் என்றால் ஞாபகம் குறைந்த முதியவருக்கு 8 வரைக்கும் விடலாம் என்கிறார்கள். ஆனால் ஞாபகம் குறைந்திருக்கிறது என்று முதலில் யாராவது கண்டுபிடித்து டொக்டரிடம் சொன்னால்தானே அவர் மருந்தைக் குறைப்பார்?

அதற்குத்தான் கேட்கிறேன். எங்கள் சலரோகக் கிளினிக்கில் நிறை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கண்ணுக்கு அனுப்புகிறார்கள். மூளையைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. கண், சிறுநீரகம், கால் எல்லாவற்றையும் சீனி அரிக்கும் என்று கிளினிக் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறோம், மூளைக்கு மட்டும் விலக்கா? வெளிநாடுகளில் மூன்று சொல்லை ஞாபகம் வைக்கச் சொல்லி, ஒரு மணிக்கூடு கீறிப் பதினொன்று பத்து வைக்கச் சொல்லி, பிறகு அந்த மூன்று சொல்லையும் திருப்பிக் கேட்கிறார்கள், மூன்று நிமிட வேலை. அதை இங்கே அப்படியே கொண்டுவந்தால் சரிவராது. இடம்பெயர்ந்தே பள்ளிக்கூடத்தை விட்டவர்களும், பேனை பிடித்து எத்தனையோ வருடமானவர்களும் மணிக்கூடு கீறத் தெரியாமல் முழிப்பார்கள், அதை நோய் என்று எழுதக் கூடாது. கூட வந்தவரைக் கேட்பதுதான் இங்கே நல்ல வழி. போன வருடத்தைவிடக் காசு எண்ணித் தரத் தடுமாறுகிறாரா, கறிக்கு உப்பை இரண்டாம் தரமும் போடுகிறாரா, பழகின பாதையில் மாறிப் போனாரா, முத்திரை போடத் தபால் கந்தோருக்குப் போய்விட்டு ஏன் வந்தேன் என்று நின்றாரா. இதில் இரண்டுக்கு ஆம் என்றால் கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பையில் மிஞ்சுகிற குளிசையை எண்ணி அதையும் மருந்தாளர் எழுதலாம். புதுக் கட்டடமோ புது ஸ்கானோ இதற்குத் தேவையில்லை. கிளினிக் நாளில் சனம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், மருந்தாளருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை என்பதும் தெரியும், எல்லாரிடமும் கேட்கச் சொல்லவில்லை, அறுபத்தைந்து தாண்டியவர்களிடம் வருடத்தில் ஒரு தரம்.

கண்டுபிடித்து என்ன செய்ய, மருந்துதான் இல்லையே என்று கேட்பார்கள். முதலாவது, மறதி எல்லாம் அல்சைமர் இல்லை. மெற்போமினை வருடக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், அதனாலும் ஞாபகம் மங்கும், கால் விறைக்கும், அதைச் சீனியின் விறைப்பு என்றே நினைத்து விட்டுவிடுவோம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குறைவு இன்னும் கூடுதலாக வரலாம். ஊசி போட்டால் பெரும்பாலும் திருந்தும். தைரொயிட் குறைந்தாலும் மறதி வரும், மனச்சோர்வு வந்தாலும் அப்படியே. இரண்டாவது, மருந்து போடுகிற பொறுப்பை வீட்டில் ஒருவர் கையில் எடுத்தால் அந்த அப்புவுக்கு நடந்தது நடக்காது. இதுவே பெரிய வைத்தியம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நானும் உங்கள் கட்டுரையாளர் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். 2024இல் லான்செற் என்ற மருத்துவ இதழின் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயின் 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் சலரோகத்தின் பங்கு 2 வீதம்தான். கெட்ட கொலஸ்ட்ரோலுக்கு 7, காது கேளாமைக்கு 7, தனிமைக்கு 5, படிப்புக் குறைவுக்கு 5, தலைக்காயத்துக்கு 3, மனச்சோர்வுக்கு 3. இது உலகச் சராசரி. சலரோகம் கூடின இடத்தில் அதன் பங்கும் கூடும். ஆனால் அந்தப் பட்டியலை வன்னியில் இருந்து வாசிக்கிறவருக்கு வேறு ஒன்றும் தெரியும். போர்க்காலத்தில் செல் வெடித்த சத்தத்தில் காது போனவர்கள், தலையில் சன்னத்தோடு இன்னும் நடமாடுகிறவர்கள், பிள்ளைகள் இல்லாமலோ எட்ட இருந்தோ தனித்துப்போன தாய் தகப்பன், இடையில் நின்ற படிப்பு. எல்லாமே ஒரு ஊரில், சில வேளை ஒரே ஆளில். இவ்வளவையும் வைத்துக்கொண்டு சீனியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. காது கேட்கிற கருவி ஒன்று வாங்கிக் கொடுப்பது சில வீடுகளில் சீனிக் குளிசையைவிடக் கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

பசியையும் இதில் சேர்க்க வேண்டும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜெர்மன் முற்றுகையால் பஞ்சம் வந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகள் ஐம்பது வயதானபோது அவர்களின் உடம்பு சீனியைக் கையாளத் தடுமாறியதை ஆய்வாளர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். எங்களுக்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடை ஒரு குளிர்காலத்தோடு முடியவில்லை. வன்னிக்குச் சாமான் வருகிற ஏ9 பாதை 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் திரும்பப் பூட்டியது, 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற கர்ப்பிணித் தாய்மாரை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். முதல் தடைக்காலத்தில், தொண்ணூறுகளில், பிறந்தவர்கள் பலருக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. வயலிலும் வெட்டு மெசின் வந்துவிட்டது, சைக்கிளும் போய் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது, காலையில் பாண், பத்து மணிக்குப் பணிசும் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும், இரவில் கொத்து. வயிற்றில் பசியோடு பிறந்த உடம்புக்கு இந்தச் சாப்பாடு ஆகாது. சலரோகம் இவர்களுக்கு நாற்பதிலேயே வரும் என்று பயப்படுகிறேன், வந்தால் முன்னர் சொன்ன இங்கிலாந்துக் கணக்கின்படி மூளைக்கும் அது ஆகாத வயது. சுகவாழ்வு நிலையங்களில் 35 தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் கொலஸ்ட்ரோலும் இலவசமாகப் பார்க்கிறார்கள், அங்கே போனால் பெண்கள்தான் இருப்பார்கள், ஆம்பிளைகள் வாசலில் மனைவியை இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

செய்தால் பலன் உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்கு உட்பட்ட 1,260 பேரில் ஒரு பாதிக்கு இரண்டு வருடம் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர், சீனிக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள், மற்றவர்களைவிட அவர்களின் சிந்திக்கும் திறன் நன்றாக நின்றது என்று 2015இல் எழுதினார்கள். ஒரே ஒரு மருந்து செய்யாததை நாலு விஷயம் சேர்ந்து கொஞ்சம் செய்திருக்கிறது. எங்களுக்குப் பின்லாந்துச் சாப்பாடு வேண்டாம். குரக்கன் பிட்டும் ஒடியல் கூழும் மீனும் முருங்கையிலையும் பயறும் இங்கேயே கிடக்கிறது, விலை பார்த்தால் சிலது பாணைவிடக் கூட என்பதும் உண்மை, அதை ஒத்துக்கொள்ளாமல் ஆலோசனை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நடப்பதற்குக் காசு தேவையில்லை. முதியோர் சங்கக் கூட்டத்துக்கு ஆச்சியை ஓட்டோவில் ஏற்றாமல் கூட்டிக்கொண்டு நடந்துபோனால் நடையும் ஆயிற்று, நாலு பேரோடு கதையும் ஆயிற்று.

ஆசிரியர் அவர்களே, சுகாதாரத் திணைக்களத்துக்கு என் போன்றவர்கள் எழுதினால் கோவைக்குள் போய்விடும், பத்திரிகையில் வந்தால் யாராவது வாசிப்பார்கள். மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நாலு மாவட்டத்திலும் சலரோகக் கிளினிக் கொப்பியில் ஞாபகத்துக்கு ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பிராந்தியப் பணிப்பாளர்களிடம் உங்கள் நிருபர்கள் கேட்டு எழுதட்டும். குளிசையின் நிறமோ வடிவமோ மாறுகிற மாதத்தில் பைக்கற்றில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டு, கூட வந்தவரிடம் வாயாலும் சொல்லிவிடும்படி மருந்தாளர்களிடம் நானே கேட்டுக்கொள்கிறேன், என்னோடு வேலை செய்த சிலர் இதை இப்போதே செய்கிறார்கள். வாசகர்கள் அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையோ அப்புவையோ கூட்டிப்போகும்போது, மிஞ்சின குளிசைகளை ஏச்சுக்குப் பயந்து வீட்டில் ஒளித்துவிட்டுப் போகாமல் அந்தப் பையோடு கொண்டுபோய் யன்னலில் கொட்டிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
விசுவமடு.